மறு: நாணயங்களில் ‘வெரைட்டி’க்கு ‘அச்சுபேதம்’ சரியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் நாணயக் கலைச்சொல் பட்டியலுக்காக, பழைய பிரிட்டிஷ் பென்னிக் காசு சேகரிப்பவர்கள் வாய்க்கு வாய் சொல்லும் ‘வெரைட்டி’ (ஒரே வடிவமைப்புக்குள் வரும் நுண்ணிய வேறுபாடு) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை ரகம், உள்வகை, திரிபு, வார்ப்புபேதம் ஆகியவை வந்திருக்கின்றன. நான் ‘அச்சுபேதம்’ என்று முன்வைக்கிறேன். காரணம் சொல்வதற்கு முன்னால் காசையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

1902-ஆம் ஆண்டுப் பென்னியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஏழாம் எட்வர்டின் தலை. மறுபக்கம் சூலமும் கேடயமுமாக பிரிட்டானியா உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் கடல். பெரும்பாலான காசுகளில் கடலின் மேல்கோடு அவளுடைய கால்கள் குறுக்கிடும் உயரத்துக்கு வந்து நிற்கும். சிலவற்றில் மட்டும் அந்தக் கோடு அதற்குக் கீழே இறங்கியிருக்கும். இதைத்தான் ‘லோ டைட்’ என்று தேடி அலைகிறார்கள். நம் கடற்கரை வழக்கை ஒட்டி வற்றுக்கடல் பென்னி எனலாம். 1895 பென்னியில் இன்னும் நுணுக்கம். சூலத்துக்கும் பென்னி என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் நடுவே வழக்கமாக ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அரிதான காசில் இரண்டு மில்லிமீட்டர். ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் அகலமுள்ள காசில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!

இரண்டிலுமே வேறுபாடு அச்சில், அதாவது உலோகத்தில் படத்தைப் பதிக்கும் ‘டை’யில் இருக்கிறது. அந்த அச்சிலிருந்து வந்த காசு அத்தனையிலும் அது இருந்தே தீரும். ‘வெரைட்டி’ என்ற சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாம் ஆக்கும் சொல்லும் இதைக் காட்ட வேண்டும்.

> ரகம் என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் எது ரகம் என்பதில்தான் சிக்கல். விக்டோரியாவின் செம்பு, வெண்கலப் பென்னிகளில் மூன்று தலைகள் உண்டு: இளந்தலை, 1860 முதல் 1894 வரை கொண்டைத்தலை, 1895 முதல் 1901 வரை முக்காட்டுத்தலை. இவற்றை ரகம், வகை என்பது பொருத்தம், ஏனென்றால் வடிவமைப்பே வேறு. ஒரே கொண்டைத்தலைக்குள் வருகிற நுண்ணிய மாற்றத்துக்கும் அதே சொல்லைப் போட்டால், பட்டியல் எழுதுகிறவர் இரண்டு வரியில் மாட்டிக்கொள்வார். ‘உள்வகை’ இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று அது சொல்வதில்லை.

> திரிபு நல்ல தமிழ். கிருமிக்கே திரிபு என்கிறோம்.

நல்ல தமிழ்தான் ஐயா. ஆனால் திரிபு என்றால் திரிவதற்கு முன் ஒரு மூலம் வேண்டும். 1860-இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியபோது முதலில் வந்த பென்னிகளின் விளிம்பில் மணிகள் கோத்த மாதிரி புள்ளிகள் இருந்தன. அதே ஆண்டிலேயே அதை மாற்றிப் பல்வரிசை போன்ற விளிம்பு கொண்டுவந்தார்கள். பிறகு நிலைத்தது பல்விளிம்புதான். இன்று அரிதாகக் கிடைப்பது மணிவிளிம்பு, ஆனால் மூத்தது அதுதான். இதில் எதை எதன் திரிபு என்பீர்கள்? அரியதைத் திரிபு என்று எழுதப் பழகிவிட்டால் வரலாறு தலைகீழாகிவிடும்.

வார்ப்புபேதம் வேண்டவே வேண்டாம். இந்தக் காசுகள் வார்க்கப்பட்டவை அல்ல. வட்டமாக வெட்டிய உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்து எடுத்தவை. ‘காசு அடித்தல்’ என்று நாமே சொல்கிறோமே. பழைய பென்னி ஒன்றை ‘வார்ப்பு’ என்று எழுதினால் கள்ளக்காசு என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

‘பாடபேதம்’ பற்றி யாரும் பேசவில்லை என்பது எனக்கு வியப்பு. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் நமக்கு விட்டுப்போன சொல் அது. ஒரே செய்யுள், ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். எது சரி, எது பிழை என்று தீர்ப்பு எழுதாமல் இரண்டையும் அடிக்குறிப்பில் பதிவு செய்வது அதன் பண்பு. பென்னி சேகரிப்பவர் செய்வதும் இதேதான். அதை அப்படியே பின்பற்றியதுதான் அச்சுபேதம். ஒற்று மிக வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: ‘கருத்துபேதம்’ என்றுதானே எழுதிவருகிறோம், அந்த வழக்கையே இதற்கும் கொள்ளலாம்.

இன்னொரு கேள்வியும் இந்த ஒப்புமையில் தீர்கிறது. 1864 முதல் 1879 வரை அடித்த ஷில்லிங் என்ற வெள்ளிக் காசுகளில் ஆண்டுக்கு மேலே பொடி எழுத்தில் அச்சின் எண்ணையே குத்தியிருப்பார்கள். எண் மாறினால் அதுவும் அச்சுபேதமா என்று போன மடலில் கேட்டிருந்தீர்கள். இல்லை என்பேன். ஏடு எழுதியவரின் கையெழுத்து வேறு என்பதற்காகப் பாடபேதம் என்று குறிப்பதில்லை. பாடம் மாறினால்தான் குறிக்கிறோம். அதற்கு ‘அச்சு எண்’ என்ற தனிச் சொல்லே போதும்.

அடுத்து, பிழையை இதிலிருந்து பிரிக்க வேண்டும். வில்லை நகர்ந்து படம் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போவது, முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால் அடுத்த காசில் தலை குழிவாக இடவலம் மாறிப் பதிவது ஆகியவை அடிக்கும்போது அந்தக் காசுக்கு மட்டும் நேர்ந்தவை. ‘அச்சுப்பிழை’ என்றால் புத்தகத்தில் எழுத்து தவறியது என்றாகிவிடும், அதனால் இதற்கு ‘அடிப்புப்பிழை’ என்று வைக்கலாம். அடித்து முடித்த பிறகு நேர்ந்தது ‘சேதம்’, அவ்வளவுதான். சென்னை மாகாணத்துக்காக பர்மிங்ஹாமின் சோகோ ஆலையில் அடித்த 1808-ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் கப்பல், 1809-இல் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அந்தக் காசுகள் இன்று நிறையவே விற்பனைக்கு வருகின்றன. உப்புநீர் அரித்து எழுத்து மழுங்கிய காசைக் காட்டி ‘எழுத்தில்லா அரிய வெரைட்டி’ என்று விலை சொன்னால் புதியவர்கள் ஏமாறுவார்கள். அச்சுபேதம், அடிப்புப்பிழை, சேதம் என்று மூன்று சொல் கைவசம் இருந்தால் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்துவிடும்: இது அச்சிலேயே இருந்ததா?

ஆண்டுக்கு மேல் ஆண்டு விழுந்த காசுகள் அச்சுபேதத்தில்தான் சேரும். 1858 பென்னி பலவற்றில் கடைசி 8-க்கு அடியில் 7-இன் எச்சம் தெரியும். 1865-இல் 5-க்கு அடியில் 3 உள்ளவையும் உண்டு. மிச்சமிருந்த பழைய அச்சை வீணாக்காமல் அதன்மேலேயே புதிய இலக்கத்தைக் குத்தியிருக்கிறார்கள். இதற்கு ‘ஆண்டு மேற்பொறிப்பு’ போதும் என்று நினைக்கிறேன்.

காசு எந்த ஆலையில் அடித்தது என்று காட்டும் ‘மின்ட் மார்க்’குக்குச் ‘சாலைக்குறி’ என்று வந்திருந்தது. நெடுஞ்சாலைத் துறை ஞாபகம் வரும், வேண்டாம். தங்கசாலை நமக்குப் பழகிய சொல், ஆனால் வெண்கலக் காசுக்கு ஒட்டாது. ‘அக்கசாலைக் குறி’ என்போம். கொற்கைப் பக்கத்தில் ஊர்ப்பெயராகவே நிலைத்த சொல் அது. பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை 1874 முதல் 1876 வரை அடித்துக் கொடுத்த பென்னிகளில் ஆண்டுக்குக் கீழே ‘எச்’ எழுத்து இருக்கும். 1912, 1918, 1919 பென்னிகளில் அது ஆண்டுக்கு இடப்பக்கம் வந்துவிட்டது. 1918, 1919-இல் கிங்ஸ் நார்ட்டன் ஆலைக் காசுகளில் ‘கே என்’ இருக்கும். 1882-இல் மட்டும் கவனம் தேவை: ‘எச்’ இருப்பதுதான் சாதாரணம், இல்லாதது மிக அரிது. ஆனால் தேய்ந்த காசில் எழுத்து தெரியவில்லை என்பதற்கும் அச்சிலேயே எழுத்து இல்லை என்பதற்கும் நிறைய தூரம். பட்டியலில் அக்கசாலைக் குறியை விளக்கும் இடத்தில் இந்த எச்சரிக்கையைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

முடிவாகாமல் நிற்பது ‘மியூல்’ ஒன்றுதான். சேரக் கூடாத இரண்டு அச்சுகள் சேர்ந்து அடித்த காசு. 1860-இல் ஒரு பக்கம் மணிவிளிம்பும் மறுபக்கம் பல்விளிம்புமாக வந்தவை உண்டு. 2008-இல் 20 பென்ஸின் ஆண்டைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றினார்கள்; பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் கூடியதால் சில காசுகள் ஆண்டே இல்லாமல் புழக்கத்துக்குப் போய்விட்டன. மியூல் என்றால் கோவேறு கழுதை; ‘கோவேறு கழுதை நாணயம்’ என்று பெயர்த்தால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘பொருந்தா இணை’ என்று வைத்தால் என்ன? இரண்டு அச்சும் தனித்தனியே சரியானவை, கூடியதுதான் தவறு என்பதை அது சொல்லிவிடுகிறது. ‘இணை’ என்று ஒருமையில் நின்றால் காசைக் குறிக்குமா, அச்சுகளைக் குறிக்குமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. ‘பொருந்தா இணைக்காசு’ என்று நீட்டலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள், அதன்படி பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்