சாமிகிட்ட பேரம் பேசுறத எப்ப நிறுத்துவோம்?

ஜெலுத்தோங்காரன்:
வணக்கம் மக்களே. தைப்பூசம் முடிஞ்சி மூனு நாளாச்சி, இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு அதான் கேக்குறேன். எங்க மலேசியா பினாங்குல, டத்தோ கெராமாட் ரோட்டுல தேங்காய மலை மாதிரி குவிச்சி வெச்சிருந்தாங்க, ரதம் வர்றதுக்குள்ள எல்லாம் சில்லு சில்லா போச்சி, ஆளுங்க கூட்டித் தள்ளி லோரில ஏத்துனாங்க. என் மகளுக்கு ஒம்போது வயசு, "ப்பா, தேங்கா முருகனுக்கு வேணுமா, இல்ல நமக்கு ஏதாச்சும் வேணும்னு ஒடைக்கிறோமா"ன்னு கேட்டுட்டா. பக்கத்துல ஒரு சீன அங்கிள் வியாபாரம் நல்லா போகணும்னு மூட்டை மூட்டையா ஒடைக்கிறாரு. நானே போன வருஷம் ப்ரமோஷனுக்கு பால்குடம் எடுத்தவன், அடுத்தவன சொல்ல எனக்கு வாயில்ல. மனுஷ ஜாதி இன்னும் முட்டாய்க்கு அழுவுற புள்ளையாவேதான் இருக்கா? இதுலேர்ந்து வளந்துட்டா மதம்னு ஒன்னு மிச்சம் இருக்குமா? சண்டை வேணாம்லா, சீரியஸா கேக்குறேன்.

செந்தூல்_வாசி:
மிச்சம் இருக்காது ப்ரோ, இருக்கவும் வேணாம். பெரியார் 1929லயே கப்பலேறி பினாங்குக்கு வந்து பேசிட்டு போனாரு, நூறு வருஷம் ஆகப்போகுது, நாம என்ன வளந்தோம்? 2017லேர்ந்து ஒங்க ஊருல வெள்ளி ரதம் ஒன்னு தங்க ரதம் ஒன்னு, ஒரே முருகனுக்கு! அண்ணனும் தம்பியும் பழத்துக்கு சண்டை போட்ட கதைய வெச்சே நாம இன்னும் வண்டி ஓட்டுறோம்.

பிறை_அக்கா:
தம்பி செந்தூல், ரதத்த விடுங்க, அது பெரிய மனுஷங்க கதை. நான் எஸ்டேட் தோட்டத்துல பொறந்தவ. அங்க டாக்டர் கெடையாது, மருந்து குடுக்குற டிரஸ்ஸர் ஒருத்தர் இருப்பாரு, எந்த காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரைதான். எங்கண்ணனுக்கு ஜன்னி வந்தப்ப எங்கம்மா யார்கிட்ட போய் நிப்பாங்க, மேனேஜர்கிட்டயா? மரத்தடில மஞ்ச பூசுன கல்லு, ஒரு சூலம், அதுகிட்டதான் அழுதாங்க, புள்ள பொழைச்சா தைப்பூசத்துக்கு வர்றவங்களுக்கு சோறு போடுறேன்னு வேண்டிக்கிட்டாங்க. பேரந்தான், இல்லன்னு சொல்லல. அண்ணன் பொழைச்சாரு, அம்மா முப்பத்தோரு வருஷம் தண்ணீர்ப்பந்தல்ல சாம்பார் சாதம் கிண்டுனாங்க, யாரு எந்த இனம்னு கேட்டதில்ல, பங்களாதேஷ் பசங்களும் வரிசைல நிப்பாங்க. கேட்டது சின்னப்புள்ளத்தனம்னா இத என்னான்னு சொல்லுவீங்க? காவடிக்காரங்களயும் ஒரே தராசுல வெக்காதீங்க, ஏதும் வேண்டாம, கோவத்த விடணும்னு மட்டும் 48 நாள் விரதம் இருந்தவர எனக்குத் தெரியும். (விட்டாரான்னு அவர் வீட்டம்மாவதான் கேக்கணும்.)

ஏழுதிரை:
யாரும் வள்ளலார சொல்லலயே. அதே தைப்பூசத்தன்னிக்கிதான் வடலூர்ல ஏழு திரைய விலக்கி ஜோதி காட்டுறாங்க. அவரும் சின்ன வயசுல சென்னை கந்தகோட்டத்துல முருகன பாடி ஆரம்பிச்சவருதான், கடைசில வந்து நின்ன எடம் எது, சாதி சமயமெல்லாம் பொய்ங்கிற எடம், ஆனா கடவுள விடல. 1867ல தருமச்சாலைல மூட்டுன அடுப்பு இன்னும் எரியுது. ஜெலுத்தோங் அண்ணே, மதம் மிச்சம் இருக்குமான்னு கேட்டீங்களே, ஒரு ஆளு ஒரே ஆயுசுக்குள்ள வளந்து காட்டுனதுல மிச்சம் நின்னது பசிச்சவனுக்கு சோறும் ஒரு வெளக்கும்.

செந்தூல்_வாசி:
அக்கா சோறுக்கு நான் எதிரி இல்ல. ஆனா சோறு போட சாமி எதுக்கு?

பிறை_அக்கா:
ஒங்களுக்கு வேணாம்னா வேணாம் தம்பி, எங்கம்மாவுக்கு வேணும். நீங்க சாமி இல்லாமலே வந்து பாத்திரம் கழுவுங்க, வேணாம்னா சொல்லப்போறோம்.

ஜெலுத்தோங்காரன்:
மகளுக்கு எல்லாத்தையும் படிச்சிக் காட்டுனேன். "அப்ப அடுத்த வருஷம் ஒரு காய் ஒடைப்போம், மத்தத பந்தலுக்கு குடுத்துருவோம், சட்னி அரைப்பாங்க"ன்னா. அதுவும் பேரமா இல்லையான்னு எனக்குத் தெரியல. அக்கா, ஒங்க பந்தல் எந்தப் பக்கம்? எனக்கு சமைக்கத் தெரியாது, வெங்காயம் உரிப்பேன்.