தனுஷ்கோடி மணலில் பென் இஇ: தானியங்கியை நம்பலாமா?

மண்டபம் வாசி:
தாத்தா விட்டுச்சென்ற ஒலிம்பஸ் பென் இஇ என்னிடம் இருக்கிறது. 1961இல் அறிமுகமான ஜப்பான் கேமரா. பேட்டரி வேண்டாம், ஒவ்வொரு படமும் பாதி அளவு என்பதால் 36 படச் சுருளில் 72 படம் விழும். போன வாரம் தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவர்களை எடுத்தேன். பிரிண்டில் வெண்மணல் சாம்பலாகவும் முகங்கள் கருத்தும் இருக்கின்றன. லென்ஸைக் கையால் மூடினால், வெளிச்சம் போதாது என்று காட்டும் சிவப்புக் கொடி எழுகிறது, வெயிலில் எழவில்லை. பிறகு ஏன் இப்படி?

ராமேஸ்வரம் ரோல்:
பழுதில்லை நண்பரே, அதன் இயல்பே அதுதான். லென்ஸைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் கண்ணாடி தெரிகிறதே, அதற்குப் பின்னால் செலினியம். வெளிச்சம் பட்டதும் மின்சாரம் பிறந்து ஒரு முள் நகரும். பொத்தானை அழுத்தும்போது அந்த முள் அப்படியே பிடிபடும். அது நின்ற இடத்துக்கு ஏற்ப, வெளிச்சம் நுழையும் லென்ஸ் துவாரம் சுருங்கும். மணல் எது, முகம் எது என்று முள்ளுக்குத் தெரியாது. கண் கூசும் வெண்மையைக் கண்டால் துவாரத்தைச் சுருக்கிவிடும், படம் முழுக்கக் கருத்துவிடும். நம் கரைக்கு எல்லாவற்றையும் கையால் திருப்பும் கேமராதான் சரி. உப்பேறிய அந்த முகங்களை ஒரு முள்ளிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

பாம்பன் அக்கா:
ஒப்புக்கொள்ளவே மாட்டேன் தம்பி. நீங்கள் எண்களைத் திருப்பி முடிப்பதற்குள் வலையின் மடி கரையேறி மீனும் கூடைக்குப் போய்விடும். இதில் தூரம்கூடத் திருப்ப வேண்டியதில்லை. வேகம் 100 உள்ள பிலிம் போட்டுவிட்டு, கேமராவில் பிலிம் வேகத்தை 50 என்று வையுங்கள். இரு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். வெயில் மணலுக்கு இது போதும்.

ராமேஸ்வரம் ரோல்:
நண்பகலுக்குச் சரி அக்கா. அந்திக்கு? அரிச்சல்முனையில் அமைதியான பெண் கடலும் சீறும் ஆண் கடலும் செம்பு நிறமாகும் நேரத்தில் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ளும். நல்ல வெளிச்சமே அப்போதுதானே!

பாம்பன் அக்கா:
பூட்டுவதால் பிலிம் மிஞ்சுகிறது. வேண்டுமென்றே எடுப்பவர் ஃபிளாஷுக்கான துவார எண்களில் 3.5க்கு மாற்றினால் ஷட்டர் விழும். கை ஆடாமல் வள்ளத்தின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

மண்டபம் வாசி:
சுருளில் இன்னும் 19 படங்கள் இருக்கின்றன. நாளைக் காலை 50இல் வைத்து எடுக்கிறேன்.

ராமேஸ்வரம் ரோல்:
எடுங்கள். ஆனால் கிட்டப் போங்கள். மணலை விட முகமே நிறைந்தால் முள்ளும் ஓரளவு ஏமாறாது. ஒன்றரை மீட்டருக்கு உள்ளே போனால் மட்டும் படம் மங்கிவிடும்.