டாங் குய் குடித்த மூன்று மாதங்கள்

பதினான்கு வயதிலிருந்தே மாதவிடாயின் முதல் நாள் எனக்குப் படுக்கைதான். அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், தொடை கடுக்கும், சில மாதம் வாந்தியும் வரும். அம்மா வெந்தயமும் மோரும் கொடுத்துப் பார்த்தார். இங்கே சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒருநாள் லிஃப்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் போகும் சீன வைத்தியரிடம் அழைத்துப் போனார். (இங்கே சீன வைத்தியர்களும் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும், பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.)

நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார், அப்புறம் எந்த டாக்டரும் என்னிடம் கேட்காததையெல்லாம் கேட்டார்: இரத்தம் கருத்து வருகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, வெந்நீர்ப் பை வைத்தால் இதமாக இருக்கிறதா? உடம்பில் குளிர்ச்சி தங்கி இரத்தம் தேங்குகிறது என்றார். டாங் குய், சுவான் சியோங், வெள்ளைப் பியோனி வேர் என்ற சீன மூலிகைகள் சேர்ந்த பொடியை மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பிருந்து காலையும் இரவும் வெந்நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கசப்பு நாக்கிலேயே நிற்கும். தே பெங் (ஐஸ் போட்ட பால் தேநீர்) கூடாது, ஐஸ் போட்ட எதுவும் கூடாது.

அதற்கு முந்தைய மூன்று மாதமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை, வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் எத்தனை என்று போனில் குறித்து வைத்திருந்தேன். 8, 9, 8. மாதம் ஆறு மாத்திரை. பொடி குடித்த மாதங்களில் 8, 6, 5, கடைசி மாதம் இரண்டே மாத்திரை. எனக்கு அது பெரிய விஷயம், அந்த நாள் வேலைக்குப் போனேன். ஆனால் பொடியாலா, ஐஸை விட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, மாதவிடாய் வலிக்குச் சீன மூலிகைகள் பற்றி 2008-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 39 சோதனைகளை, 3,475 பெண்களை வைத்துப் பார்த்து, பலன் இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் சோதனைகளின் தரம் போதாது என்றுதான் சொல்கிறது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன், நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். சீன மருந்துக்கடையில் டாங் குய்யை நானே கேட்டு வாங்கி இரண்டு வருஷம் அவித்துக் குடித்தேன், யாரும் பரிசோதிக்கவில்லை. வலி முதல் நாளோடு நிற்காமல் மாதவிடாய் முடிந்த பிறகும் இருந்தது, தாம்பத்தியத்திலும் வலித்தது. ஸ்கேனில் சினைப்பையில் சாக்லேட் கட்டி (பழைய இரத்தம் தேங்கிய கட்டி), எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பை உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். ஆபரேஷன் ஆகிவிட்டது. நீங்கள் ஸ்கேன் எடுத்தீர்களா? இன்னொன்று, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டாங் குய் ஆகாது, இரத்தக்கசிவு அதிகமாகும். வீட்டில் அந்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு டாங் குய் போட்ட சூப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

*

இல்லைம்மா, எடுக்கவில்லை. உன் பதிலைப் படித்துவிட்டு இப்போதுதான் அப்பாயின்ட்மென்ட் போட்டேன். போன் குறிப்பையும் டாக்டரிடம் காட்டப் போகிறேன், பொடி குடிப்பதையும் சொல்லிவிடுவேன்.