புதுப்பிப்பு: துறைமுகக் கட்டணச் சலுகை ஏன் சின்னச் சுரங்கங்களுக்கு மட்டும்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் சிறிய இரும்புத்தாது ஏற்றுமதியாளர்களுக்குக் கிடைத்த துறைமுகக் கட்டணச் சலுகையைப் பற்றி முன்பு எழுதியபோது, "பெரிய நிறுவனங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டிருந்தேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் விடை எளிமையானதுதான். தாது ஏற்றுமதியாகும் போர்ட் ஹெட்லண்ட் துறைமுகத்தில், பெரிய நிறுவனங்களான பிஎச்பிக்கும் ஃபோர்டெஸ்க்யூவுக்கும் சொந்த ரயில்பாதை, சொந்தக் கப்பல் மேடை எல்லாம் உண்டு. அட்லஸ் அயர்ன் போன்ற சிறிய நிறுவனங்கள் தாதுவை லாரியில் கொண்டுவந்து, யூட்டா பாயின்ட் என்ற பொது மேடையில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த மேடை அரசுத் துறைமுக ஆணையத்தினுடையது, டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே அரசால் உடனே குறைக்கக்கூடிய செலவும் அதுதான்.

அப்புறம் ஒரு திருத்தம். 2014 டிசம்பரில் அறிவித்த ராயல்டி (தாதுவுக்காக அரசுக்குக் கட்டும் பங்கு) சலுகையையும் இந்தத் துறைமுகச் சலுகையையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன். ராயல்டி சலுகையில் பாதி ராயல்டியைத் தள்ளிப்போட முடிந்தது, ஆனால் பிறகு திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. சலுகை என்பதைவிடக் கடன் என்பதே சரி! துறைமுகத் தள்ளுபடி அப்படியல்ல, கட்டணமே குறைந்தது.

இரும்புத்தாது விலை சரிந்த 2015 ஏப்ரலில் அட்லஸ் சுரங்கங்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. லாரி ஒப்பந்ததாரர்களும் தங்கள் கட்டணத்தை இறக்கிக்கொண்ட பிறகே வேலை மீண்டும் ஓடியது. துறைமுகக் கட்டணத்தை மட்டும் குறைத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.