புது வீட்டின் வெளிமுகப்புக்குக் கான்கிரீட் செங்கல்: பணகுடிக் காற்றுக்கும் சாரலுக்கும் ஈடு கொடுக்குமா?

கேள்வி: பணகுடி மனைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பணகுடிக்கு மேற்கே, மலையைப் பார்த்த மனையில் கீழ்த்தளமும் மாடியுமாக ஒரு வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். அடித்தளத்துக்கு வானம் (குழி) தோண்டியாகிவிட்டது, கடைக்கால் இன்னும் எழும்பவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பகுதிச் சுவர்களை எப்படி அறையும் என்பதை இங்குள்ள அண்ணாச்சிமார் அறிவீர்கள். மேற்குச் சுவரில் அடித்த பெயின்ட் மற்ற பக்கங்களுக்கு முன்பாகவே வெளுத்து உரிவதைத் தெருவெங்கும் பார்க்கிறேன். ஆகவே வெளிப்பூச்சும் பெயின்டும் இல்லாமல், நிறம் கலந்த கான்கிரீட் செங்கலால் வெளிமுகத்தைக் கட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். உட்சுவர் ஆறு அங்குல சாலிட் பிளாக். எங்கள் மேஸ்திரி, "சுவர் எழும்பட்டும், முகப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அது சரியா? மழைநீர் உள்ளே இறங்காதா? நிறம் நிற்குமா?

பதில் 1: பாளையங்கோட்டைப் பொறியாளர்

தம்பி, கடைசியில் பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை இது அன்று. கடைக்கால் எழும்புவதற்கு முன்பே நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. நான்கு அங்குலக் கான்கிரீட் செங்கல் சுவர் சதுர அடிக்கு ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். 30 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு பக்கத்துக்கே 6 டன் ஆகிறது. மாடியும் சேர்ந்தால் அது இரட்டிப்பு. இந்தப் பாரம் பிளிந்த் பீமின், அதாவது கடைக்காலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரத்தின், மீது உட்கார வேண்டும். அதற்காகப் பீமை வெளிப்புறம் அகலப்படுத்தி வார்க்க வேண்டும். உட்சுவருக்கும் முகப்புக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி விட்டால், சுவர் மொத்தம் 6 அங்குலம் வெளியே நகரும். மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தில் அது கழியும். 2 அடி சன்ஷேடு ஒன்றரை அடியாகிவிடும். ஜன்னல்களுக்கு மேலே வெளிச்செங்கலைத் தாங்கத் தனி லிண்டல் (குறுக்கு உத்தரம்) தேவை. இவை எல்லாம் வரைபடத்தில் இன்றே ஏற வேண்டும்.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். கான்கிரீட் செங்கல் நனையும். காற்றோடு அடிக்கும் சாரலில், செங்கல்களுக்கு இடையே கலவை போட்ட இணைப்புகள் வழியாக நீர் கொஞ்சம் உள்ளேயும் வரும். அதை ஏற்றுக்கொண்டுதான் இந்த முறையே வகுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வந்த நீர் இடைவெளியில் கீழிறங்கி, அடியில் விரித்த நீர்காப்புத் தாளின் மேல் ஓடி, அடிவரிசையில் மூன்று நான்கு செங்கலுக்கு ஒன்றாகக் கலவை போடாமல் விட்ட செங்குத்து இணைப்புகள் வழியாக வெளியே வந்துவிட வேண்டும். ஜன்னல் லிண்டலுக்கு மேலும், சன்ஷேடு முகப்பை ஊடுருவும் இடத்திலும் இதே ஏற்பாடு வேண்டும். இந்தத் துளைகளைக் கட்டிமுடித்தபின் "விட்டுப்போயிற்று" என்று சிமென்டால் அடைக்கும் கொத்தனார்கள் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். வழி அடைபட்டால் ஓதம் (ஈரக்கசிவு) உட்சுவருக்கு ஏறிவிடும்.

இன்னொன்றும் முக்கியம். சூளைச் செங்கல் நாளடைவில் மிகச் சிறிதளவு விரிவடையும். கான்கிரீட் செங்கல் உலர உலரச் சுருங்கும். எனவே கான்கிரீட் செங்கலுக்குச் சுமார் 6 மீட்டருக்கு, அதாவது 20 அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை நகர்வு இணைப்பு, அதாவது சுவர் அசைய இடம் தரும் ஒரு பிரிவு, விட வேண்டும். நாம் விடாவிட்டால் சுவர் தானே ஒன்றைப் பிளந்துகொள்ளும். அது பெரும்பாலும் ஜன்னல் மூலையிலிருந்துதான் கிளம்பும்.

பதில் 2: வள்ளியூர் கட்டட ஒப்பந்தக்காரர்

அண்ணாச்சி சொன்ன கணக்கு முழுவதும் சரி. கட்டும் கையைப் பற்றி நான் சொல்கிறேன். நம் ஊரில் எந்தச் செங்கலையும் தொட்டியில் ஊறப்போட்டுக் கட்டுவதே பழக்கம். சூளைச் செங்கலுக்கு அது சரி. கான்கிரீட் செங்கலுக்குக் கூடாது. ஊறியது சுவரில் உலரும்போது சுருங்கி வெடிப்பு விடும். வெயில் கடுமையாக இருந்தால் மேல்முகத்தில் லேசாக நீர் தெளித்தால் போதும். தயாரித்த இடத்தில் 14 நாள் நீராற்றி (ஈரமாகவே வைத்து இறுகவிட்டு), அதன்பின் நான்கு வாரம் உலர்ந்த சரக்காகக் கேட்டு வாங்குங்கள். வந்ததும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கலவையும் அளவுக்கு மேல் வலுவாக வேண்டாம். ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் என 1:3 போட்டால், இணைப்பில் வெடிப்பு விடுவதற்குப் பதில் செங்கலே பிளக்கும். 1:6 போதும், சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் இன்னும் நல்லது.

நடு இடைவெளியில் கலவை சிந்தி நிரம்புவதுதான் இந்த வேலையின் பெரிய கேடு. இடைவெளிக்குள் நுழையும் அகலத்தில் ஒரு பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். சில வரிசை எழும்பியதும் அதைத் தூக்கி, விழுந்த கலவையை வழித்துவிட்டு, மறுபடி இறக்குங்கள். வெளி இணைப்பைக் கலவை இறுகத் தொடங்கும் பதத்தில், வளைத்த கம்பியால் உட்குழிவாக அழுத்தி இழுக்க வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் இணைப்பு இறுகிச் சாரலைத் தள்ளும். கரண்டியால் வெறுமனே வழித்துவிட்ட இணைப்பு அப்படித் தள்ளாது.

வாங்குமுன் ஒரு செங்கலை உடைத்துப் பாருங்கள். நிறம் உள்வரை ஓடியிருக்க வேண்டும். பிறகு ஒன்றை உலர்ந்த நிலையில் எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் மூழ்கவைத்து மறுபடி எடை பாருங்கள். கான்கிரீட் கட்டைகளுக்கான இந்தியத் தரவரையறை நீருறிஞ்சலை 10 விழுக்காட்டுக்குள் நிறுத்துகிறது. மூன்றரைக் கிலோ செங்கல் 350 கிராமுக்கு மேல் குடித்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

பதில் 3: உவரிக் கடற்கரைவாசி

எங்கள் வீட்டின் முன்பக்கம் இதே வகைதான். முகப்பை உட்சுவரோடு பிணைக்கும் கம்பிகளை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். நான்கு சதுர அடிக்கு ஒன்றாவது வேண்டும், ஜன்னல் ஓரங்களில் நெருக்கமாக. உள்ளே துருப்பிடித்தால் வெளியே தெரியாது. முதல் மழைக்குப் பின் வெள்ளை உப்புப் பூக்கும். அஞ்ச வேண்டாம், உலர்ந்ததும் தும்புப் பிரஷால் தட்டிவிடுங்கள். அதைக் கண்டு உடனே ஆசிட் ஊற்றினால் சிமென்ட் முகமே அரித்துப்போகும். நிறம் முழுவதுமாகப் போய்விடாது. ஆனால் மேல் சிமென்ட் படலம் தேய்ந்து மணல் தெரியும்போது சற்று மங்கும்.

பதில் 4: பேட்டைவாசி

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான்கு பக்கமும் இரட்டைச் சுவர் கட்டும் செலவில், அகலமான சன்ஷேடும் நல்ல இரண்டு கைப் பூச்சும் செய்து, காலத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் காற்று அடிப்பதில்லையே. மேற்கில் மட்டும் கட்டுங்கள். மாலை வெயிலின் சூட்டையும் அந்த இடைவெளி ஓரளவு தடுக்கும்.

பணகுடி மனைக்காரர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பேட்டை அண்ணாச்சி சொன்னது வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் மட்டும் கான்கிரீட் செங்கல், மற்ற இரண்டும் பூச்சு என்றால், இரண்டும் சந்திக்கும் மூலையை எப்படி முடிப்பது?

பாளையங்கோட்டைப் பொறியாளர்

மூலையிலேயே முடிக்காதீர்கள், தம்பி. செங்கலை மூலை திருப்பி வடக்குச் சுவரில் இரண்டு, இரண்டரை அடி கொண்டுபோய், அங்கே செங்குத்தாக ஒரு நகர்வு இணைப்பு விட்டு, அதன்பின் பூச்சைத் தொடங்குங்கள். கிழக்கு மூலையிலும் அப்படியே. அந்த இணைப்பைச் சிமென்டால் அடைக்காமல், உள்ளே நுரைக் கயிறு வைத்து, மேலே இழுபடும் சீலன்ட் (ரப்பர் போன்ற அடைப்புப் பசை) பூசுங்கள். பிளிந்த் பீமின் அகலமும் அதே இடம்வரை திரும்ப வேண்டும். கம்பி கட்டும் ஆளிடம் அந்த வரைபடத்தைக் கொடுத்த பிறகே கான்கிரீட்டுக்கு நாள் சொல்லுங்கள்.