புதுப்பிப்பு: படுக்கையறைச் சுவர் பூஞ்சை, காரணம் கிடைத்துவிட்டது

ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்கிறது, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள் எனச் சிலர் சொன்னதுதான் சரி. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை, டைல்ஸ் இடுக்குப் பூச்சு உதிர்ந்து தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் பழையதைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி (தண்ணீர் புகாத பிசின் பூச்சு) வைத்து அடைத்தார். சுவர் நன்றாகக் காயும்வரை பெயிண்ட் கிடையாது, ஈரத்தின்மேல் அடித்தால் உரிந்துதான் வரும்.

துடைத்தது சோப்புத் தண்ணீரில்தான். என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டு, அறைக்கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைத்தோம், ஏனென்றால் காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும், அதனால் மருந்தடித்து அப்படியே விடாமல் முழுக்க அகற்ற வேண்டும்.

ஒருவர் பிளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைக் கலக்கச் சொல்லியிருந்தார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்! குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், பூஞ்சை ஏறிய பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டோம், அதைக் கழுவிக் காப்பாற்ற முடியாது. பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்திக் காற்றுப் போக இடம் விட்டிருக்கிறோம். ஈரப்பதமானி ஒன்றும் வாங்கினேன், அறைக் காற்றின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கப் பார்க்கிறோம், மழை நாளில் ஏசியின் டிரை மோடு உதவுகிறது.