வேலியைத் தள்ளிப் போட்டவரோடு கைகொடுத்தால் ஒப்புரவு ஆகிவிடுமா?

வடலி:
அம்மாவின் சீதனக் காணியில் இரண்டு பரப்பு நிலத்தைப் பெரிய மாமா வேலி தள்ளி அடைத்து ஏழு வருடம் ஆகிறது. இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பெரிய வெள்ளிக்கு முன் சபையார் பார்க்க இருவரும் கைகொடுக்க வேண்டும், இல்லையென்றால் அம்மாவுக்குச் சபையில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து இல்லை என்கிறார் போதகர் ஐயா. வேலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாமா சபைக் கமிட்டியில் இருக்கிறார். வழக்குப் போட நினைத்ததே பாவமாம். இது வேதத்தின்படி சரியா?

மானிப்பாயான்:
தம்பி, ஐயா சொல்வதில் பிழையில்லை. சகோதரனோடு வழக்காடுவதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்வது மேல் என்று 1 கொரிந்தியர் 6இல் பவுல் எழுதுகிறார். தம்பி யாக்கோபு தந்திரமாக வாங்கிய சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்தமகன் உரிமையை, திருப்பித் தா என்று கேட்டுவிட்டா ஏசா அவனைக் கட்டிப்பிடித்தான்? ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கிணற்றுப் பங்குக்காகப் பேசாமல் இருந்தவர்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சித்தப்பா வன்னியில் இறந்தது பல மாதம் கழித்துத்தான் அப்பாவுக்குத் தெரியும். காணி போனால் போகட்டும், தம்பி.

கரம்பன் அக்கா:
உங்கள் அப்பாவின் கதை மனதை வருத்துகிறது, அண்ணா. ஆனால் அதே அதிகாரத்தில், சகோதரருக்குள்ளே வழக்குத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகி கூட இல்லையா என்றும் பவுல் கேட்கிறார். நியாயம் விசாரிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சபைக்குள் விசாரியுங்கள் என்கிறார். இங்கே யார் விசாரித்தார்கள்?

மத்தேயு 5:23-24ஐயும் வாசியுங்கள். உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. யாருக்கு யார்மேல் குறை? அம்மாவுக்கு மாமாமேல். அப்படியென்றால் பீடத்தைவிட்டு எழும்பிப் போக வேண்டியவர் மாமா! அம்மாவுக்குத் திருவிருந்தை மறுப்பது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். எண்ணாகமம் 5:7இலும் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. ஏசாவைச் சந்திக்குமுன் யாக்கோபும் மந்தை மந்தையாக ஆடுமாடு அனுப்பினான். கத்தோலிக்கரான நாங்கள் பாவசங்கீர்த்தனத்தில் களவைச் சொன்னால், எடுத்ததைத் திருப்பிக் கொடு என்றுதான் சுவாமியாரும் சொல்வார்.

மானிப்பாயான்:
மாமா திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மத்தேயு 18:15இல், குற்றம் செய்தவனிடம் தனியே போய்ப் பேசு என்பது பாதிக்கப்பட்டவருக்குச் சொன்னது. அம்மா போனாரா?

வடலி:
போனார். படலையடியிலேயே மாமி ஏசி அனுப்பிவிட்டார்.

கரம்பன் அக்கா:
அப்போது முதல் படி முடிந்தது. அடுத்தது இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போவது. மாமாவோடு கமிட்டியில் இருப்பவர்கள் வேண்டாம்.

கச்சேரியடி:
சட்டப் பக்கத்தையும் பாருங்கள். ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் அந்த நிலத்துக்கு உரிமை கோர வழியுண்டு. அதனால் இப்போது சும்மா இருப்பது ஆபத்து. இலங்கையின் 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபை இருக்கிறது. பிணக்கை மூன்று பேர் விசாரிப்பார்கள். சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. தீர்ப்பைத் திணிக்கவும் மாட்டார்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள்.

மானிப்பாயான்:
அரசாங்கத்துப் படியேறினால் சபையில் இரண்டு கட்சி ஆகிவிடும். எனக்கு அந்தப் பயம்தான்.

கரம்பன் அக்கா:
வாய் திறந்தவர்மேல் பழி போடாதீர்கள், அண்ணா. வேலியைத் தள்ளிய அன்றே கட்சி பிரிந்துவிட்டது.

வடலி:
மத்தேயு 5ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாளை காணி உறுதியையும் பழைய வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் போதகர் ஐயாவிடம் போகிறோம். அவர் மாமாவை அழைத்து விசாரிக்க மறுத்தால் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிப்போம்.